இறந்தவரை மீட்டு வரும் நீராவி எந்திரக் கதை தோட்டப்புறத்தில் நடந்தால் எடுபடுமா?

பதின்ம வயதினருக்காக ஒரு ஸ்டீம்பங்க் மிகுபுனைவு, அதாவது நீராவி எந்திரங்களே உலகை ஓட்டும் கற்பனைக் கதை, எழுதுகிறீர்கள். இறந்துபோன தம்பியை மீட்க ஒரு பெண் நீராவி எந்திரம் ஏறி எமலோகம் போகிறாள். அதை லண்டனில் வைப்பதா, மலேசியத் தோட்டத்தில் வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கோ ஐந்தோ படிக்கும் பிள்ளை. "நமக்கும் நீராவிக்கும் என்ன தொடர்பு?" என்று யாரோ பெரியவர் சொல்லி வாயை அடைத்திருப்பார். என் கடைக்குட்டி மகளிடமும் இதையேதான் சொன்னார்கள். அதனால்தான் தூங்கப் போகாமல் இதை எழுதுகிறேன்.

நான் எழுத்தாளன் அல்லன், முன்பே சொல்லிவிடுகிறேன். பித்தளைக் கண்ணாடியும் உயரத் தொப்பியும் பற்சக்கரமும் இல்லாத கதை அந்த வகையில் சேராது என்று வாதாடப் பலர் வருவார்கள். வரட்டும். ஸ்டீம்பங்க் என்ற சொல்லே 1987இல்தான் பிறந்தது. எங்கள் ஊரில் நீராவி அதற்கு வெகுகாலம் முன்பே இருக்கிறது.

ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. என் அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர், அதாவது நீராவி உண்டாக்கும் கொதிகலன், பார்த்தவர். இரவு வேலையின்போது அவருக்குச் சோறு கொண்டுபோவது அக்காவின் பொறுப்பு. 1978இல் மூன்று நாள் காய்ச்சலில் அக்கா போய்விட்டாள். அவளுக்குப் பதினாறு, எனக்குப் பதின்மூன்று. சாவு வீட்டில் சிறுபிள்ளை நிற்கக் கூடாது என்று என்னை அடுத்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். பறைச் சத்தம் மட்டும் கேட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தூக்குச்சட்டி என் கைக்கு வந்தது.

செம்பனை ஆலையைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். வெட்டி வந்த குலைகளை முதலில் பெரிய இரும்பு உருளைகளுக்குள் தள்ளிக் கதவை அடைத்து நீராவியில் அவிப்பார்கள். சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய நாற்பது பவுண்டு அழுத்தம், நூற்று நாற்பது பாகை வெப்பம், ஒன்றரை மணி நேரம் வரை. அவித்தால்தான் காம்பு தளர்ந்து பழம் குலையைவிட்டு உதிரும், எண்ணெயும் கெடாது. பிழிந்தபின் மிஞ்சும் நாரும் ஓடும் மறுபடி பாய்லருக்குள் போகும். பழத்தின் சக்கையே அடுத்த பழத்தை அவிக்கும். கற்பனைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த உதிரும் சங்கதிதான் என் தலைக்குள் ஏறிக்கொண்டது. இரும்புபோல் இறுகிய காம்பே தளர்கிறது என்றால், எமனுடைய பாசக்கயிறு எம்மாத்திரம்? கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஓர் எந்திரம் வரைந்தேன். பாய்லர், அதிலிருந்து தரைக்கடியில் ஓடும் குழாய், குழாயின் முனையில் அக்காவைப் புதைத்த இடம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் வரைந்தேன்.

ஓர் இரவு தூக்குச்சட்டியோடு அந்த நோட்டும் என் கையில் இருந்தது. அப்பா வாங்கிப் பார்த்தார். அறை விழும் என்று காத்திருந்தேன். அவரைப் பெரிய மகானாகக் காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். குடிப்பார், அடிப்பார், சம்பள நாளில் நேரே வீட்டுக்கு வரமாட்டார். அன்று அடிக்கவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதில் சேஃப்டி வால்வு எங்கே?" என்றார். அழுத்தம் மிஞ்சினால் நீராவியை வெளியே விடும் அடைப்பான் அது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவரே வரைந்தார்.

"எத்தனை பவுண்டு வைப்பாய்?"

"நாற்பது, அப்பா."

"போதாது," என்றார். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்க்கப் போய்விட்டார்.

அப்பா இறந்த மறுவருடம் என் மகள் இதைச் சிறுகதையாக எழுதினாள். அவள் கதையில் பேத்தி பாய்லரை மூட்டித் தாத்தாவை மீட்கப் போகிறாள். ஓர் இயக்கம் நடத்திய போட்டிக்கு அனுப்பினோம். "ஆங்கிலப் படக் கற்பனை, நம் பண்பாடு இல்லை; முடிவில் பேத்தி விதியை ஏற்றுக்கொண்டு படிப்பில் கவனம் செலுத்துவதாக மாற்றலாம்" என்று நடுவர் எழுதிக் கொடுத்தார். பண்பாடு! சாவித்திரி எமனை வழிமறித்துப் பேசியே கணவனை வாங்கி வந்தாள். மயிலாப்பூரில் எலும்பும் சாம்பலுமாகக் குடத்தில் இருந்த பூம்பாவையைச் சம்பந்தர் பாடி எழுப்பினார். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் வரவழைத்தார். செத்தவரை மீட்கும் கதைக்கு நாம் லண்டனில் கடன் வாங்க வேண்டிய நிலையிலா இருக்கிறோம்?

நீராவிக்கும் அப்படித்தான். இந்த நாட்டின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் தொடங்கியது, அதன் பெயரே தென்னமரம் தோட்டம். தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி போகோன்னியே மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசு வாங்கினார். துரை எழுதினால் பரிசு, பாய்லர்காரரின் பேத்தி எழுதினால் அந்நியக் கற்பனை.

சொல்ல வந்ததை விட்டு விலகுகிறேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பரிசளிப்பு விழா மாலை ஐந்துக்கு. சிறப்பு விருந்தினர் வந்தது ஏழரைக்கு. அதுவரை பிள்ளைகள் மாலையும் கையுமாக வாசலில் நின்றார்கள். வந்தவர் நாற்பது நிமிடம் தன்னைப் பற்றியே பேசினார். என் மகளுக்கு ஆறுதல் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம், அது ஒரே வாரத்தில் நின்றுபோனது. கடைசி பஸ் போய்விட்டதால் வாடகைக் காருக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு கடிகாரம் வாங்கியிருக்கலாம்.

உங்கள் கதைக்கு வருகிறேன். தோட்டத்திலேயே வையுங்கள். ஆனால் எந்திரத்தைச் சும்மா அழகுக்கு நிறுத்தாதீர்கள். அது என்ன செய்யும், எங்கே வெடிக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அப்பா சொல்லிக்கொடுத்த ஒன்றைத் தருகிறேன், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கண்ணுக்கே தெரியாமல் இறங்கிவிட்டால், புதிய ஆள் பதறிப்போய் உடனே தண்ணீரைத் திறந்துவிடுவான். பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் அந்தக் கணமே நீராவியாகும், பாய்லர் வெடிக்கும். அப்போது செய்ய வேண்டியது நெருப்பை அணைப்பதுதான். தம்பி இரண்டடி தூரத்தில் இருக்கும்போது உங்கள் பெண்ணின் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மறையட்டும். அங்கே அவள் என்ன செய்கிறாள் என்று எழுதுங்கள். நான் சொன்னால் அது என் கதையாகிவிடும்.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பாய்லர் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் கேளுங்கள், அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுகிறேன். சேஃப்டி வால்வு வரைந்த இடத்தில் எண்ணெய்க் கறை படிந்திருக்கும், அது அப்பாவின் கட்டைவிரல்.