கையால் ஓட்டினால் வேலை செய்யும் பேக்கப் ஸ்கிரிப்ட், கிரொனில் போட்டால் மட்டும் ஏன் வேலை செய்வதில்லை?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இது. திருகோணமலையில் உங்கள் கடையில் உபுண்டு போட்ட கணினி ஒன்று, அதில் பில் போடும் மென்பொருள், அதற்குப் பின்னால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம். தரவுத்தளத்தை எடுத்துச் சுருக்கி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் போட ஒரு ஸ்கிரிப்ட் (கொமாண்டுகளை வரிசையாக எழுதிய பைல்) எழுதியிருக்கிறீர்கள். டெர்மினலில் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. இரவு 2 மணிக்கு ஓடும்படி கிரொன்டாபில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரொனின் அட்டவணையில்) போட்டால், சில நாள் காலையில் பைலே இல்லை. சில நாள் பைல் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. ஸ்கிரிப்டை எவ்வளவோ மாற்றியும் சரிவரவில்லை.

இதே ஊரில் கடைகள், சிறிய ஹோட்டல்கள், டியூட்டரிகளின் கணினிகளைப் பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். இந்தச் சிக்கலை அடிக்கடி பார்க்கிறேன். முதலில் ஸ்கிரிப்டை மாற்றுவதை நிறுத்துங்கள். கையால் ஓட்டினால் சரியாக ஓடுகிறது என்றால் அதன் வேலை முறையில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. அது ஓடும் சூழல்தான் வேறு. ஒவ்வொரு இரவும் ஊகத்தில் ஒரு வரியை மாற்றிவிட்டு மறுநாள் காலை வந்து பார்த்தால், எந்த மாற்றம் என்ன செய்தது என்பது கடைசிவரை தெரியாது.

கிரொனைப் பார்ப்பதற்கு முன் ஒரு சின்னக் கேள்வி. இரவு 2 மணிக்கு அந்தக் கணினி ஓடிக்கொண்டிருக்கிறதா? எங்கள் ஊரில் கடை பூட்டும்போது மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். இடி மின்னல் காலத்தில் பிளக்கையே கழற்றிவிடுவார்கள், அது நியாயமும்தான். கணினி நின்றிருந்த நேரத்தில் வரவேண்டிய வேலையைக் கிரொன் அப்படியே விட்டுவிடும், பிறகு கணினி எழும்பியதும் தேடி எடுத்துச் செய்யாது. உங்களுக்குச் சில நாள் பைல் இல்லாமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் வழி இரண்டு. கடை பூட்டுவதற்குச் சற்று முன், மாலை 7 மணி போல் நேரத்தை வையுங்கள். இல்லாவிட்டால் தவறிய வேலையைப் பிறகு செய்யும் அனக்ரொனையோ, சிஸ்டம்டி டைமரையோ பயன்படுத்துங்கள். டைமரில் ‘பெர்சிஸ்டன்ட்’ என்ற அமைப்பை ‘ட்ரூ’ என்று வைக்கவேண்டும், அது இல்லாவிட்டால் அதுவும் கிரொனைப் போலத்தான் நடக்கும்.

நேரத்தையும் ஒருமுறை பாருங்கள். கணினியின் நேர வலயம் ‘ஏசியா/கொழும்பு’ என்று இல்லாமல் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால், நீங்கள் எழுதிய 2 மணி நமக்குக் காலை 7:30. வாடகைக்கு எடுக்கும் சேவர்கள் பெரும்பாலும் யூடிசியில்தான் வரும். வலயத்தை மாற்றினால் கிரொன் சேவையையும் ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். இல்லாவிட்டால் அது பழைய நேரத்திலேயே இருந்துகொள்ளும்.

சரி, கணினி ஓடுகிறது, நேரமும் சரி. அடுத்து ஸ்கிரிப்டைப் பேசவைக்கவேண்டும். கையால் ஓட்டும்போது பிழை வந்தால் திரையில் தெரியும். கிரொனுக்குத் திரை இல்லை. வரும் செய்தியை அது அந்தப் பயனருக்கு மெயிலாக அனுப்பப் பார்க்கும்; மெயில் அனுப்பும் மென்பொருள் கணினியில் இல்லாவிட்டால் தூக்கிப் போட்டுவிடும். கணினியின் பொதுக் குறிப்புப் பைலான சிஸ்லொக்கில் கிரொன் என்று தேடிப் பாருங்கள், வெளியீட்டைக் கைவிட்டதாக ஒரு வரி அநேகமாக இருக்கும். உங்களுக்குத் தேவையான பதில் ஒவ்வொரு இரவும் எழுதப்பட்டு அங்கேதான் தொலைந்துபோகிறது. அதனால் கிரொன்டாபில் உள்ள வரியின் கடைசியில் >> போட்டு ஒரு லொக் பைலின் முழுப் பாதையையும், அதன் பின் 2>&1 என்பதையும் சேருங்கள். பிழைச் செய்திகளும் அதே பைலுக்கு வரச் செய்வது அந்த 2>&1 தான். சோதிக்க மறுநாள் வரை காத்திருக்கவும் வேண்டாம். நேரத்தின் இடத்தில் ஐந்து நட்சத்திரங்களை வைத்தால் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். பார்த்து முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

லொக்கில் என்ன வரும்? அநேகமாக ‘கொமாண்ட் நொட் பவுண்ட்’, இல்லாவிட்டால் ‘அக்சஸ் டினைட்’. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நீங்கள் டெர்மினலைத் திறக்கும்போது, தட்டும் கொமாண்டுகளை ஓட்டும் பாஷ் என்ற ஷெல் உங்கள் அமைப்புப் பைல்களைப் படித்து, எந்தெந்தப் போல்டர்களில் நிரல்களைத் தேடவேண்டும், எந்த மொழி அமைப்பு என்று எல்லாவற்றையும் தயார் செய்துவைக்கிறது. கிரொன் அவற்றைப் படிப்பதில்லை. கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்த பொடியனிடம் ‘சாமானை எடுத்து வா’ என்று மட்டும் சொன்னதுபோலத்தான் இது. சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

உபுண்டுவில் சாதாரணப் பயனரின் கிரொனுக்குக் கிடைக்கும் பாத், அதாவது நிரல்களைத் தேடும் போல்டர்களின் பட்டியல், மிகக் குறுகியது. யூஎஸ்ஆர் பின், பின் என்ற இரண்டு போல்டர்கள்தான். தரவுத்தளத்தைப் பைலாக எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப்பை உபுண்டுவின் ஆப்ட் வழியாகப் போட்டிருந்தால் அது அங்கே இருக்கும், சிக்கல் வராது. பில் மென்பொருள் போட்டவர்கள் ஸாம்ப் தொகுப்போடு போட்டிருந்தால் அது ஒப்ட் போல்டருக்குள் இருக்கும், கிரொன் அதைக் காணாது. ஸ்னாப் என்ற தொகுப்பு முறை வழியாகப் போட்டவையும் அப்படித்தான். டெர்மினலில் ‘விச்’ போட்டு ஒவ்வொரு நிரலின் முழுப் பாதையையும் எடுத்து ஸ்கிரிப்டில் எழுதிவிடுங்கள். அல்லது கிரொன்டாபின் மேலேயே பாத் வரியை முழுதாக எழுதுங்கள். முதலாவது வழியையே நான் விரும்புகிறேன். ஆறு மாதம் கழித்து வேறொருவர் திறந்து பார்த்தாலும் எது எங்கே இருக்கிறது என்று உடனே தெரியும். பைல்களின் பாதையும் இதே கதைதான். கிரொன் ஹோம் போல்டரிலிருந்து தொடங்கும், ஸ்கிரிப்ட் இருக்கும் போல்டரிலிருந்து அல்ல.

‘அக்சஸ் டினைட்’ என்றால், யாராக ஓடுகிறது என்று பாருங்கள். உபுண்டுவில் சுடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கொமாண்ட்) போட்டு மைஎஸ்கியூஎல்லுக்குள் போனால் ரூட் என்ற நிர்வாகிப் பயனரைப் பெரும்பாலும் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும். நீங்கள் கையால் சுடோவோடு ஓட்டியிருப்பீர்கள். கிரொன்டாபோ உங்கள் சொந்தப் பயனருடையதாக இருக்கும். மறுபக்கமும் நடக்கும்: கடவுச்சொல்லை உங்கள் ஹோம் போல்டரில் உள்ள அமைப்புப் பைலில் வைத்துவிட்டு ரூட்டின் கிரொன்டாபில் வேலையைப் போட்டால், அது ரூட்டின் ஹோமில் தேடி ஒன்றும் கிடைக்காமல் நிற்கும். பேக்கப் எடுக்க மட்டும் உரிமையுள்ள தனி மைஎஸ்கியூஎல் பயனர் ஒருவரை உருவாக்கி, கடவுச்சொல் பைலை 600 உரிமையோடு (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) வைத்து, அதன் முழுப் பாதையையும் ஸ்கிரிப்டில் சொல்லிவிடுவது நல்லது.

கிரொனுக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. கிரொன்டாப் வரிக்குள் % அடையாளம் வந்தால் அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொள்ளும். பைல் பெயரில் திகதி சேர்க்க நேராக அங்கேயே எழுதியவர்களுக்கு வரி பாதியில் அறுந்துபோவது இதனால்தான். ஸ்கிரிப்டுக்குள் எழுதினால் பிரச்சினை இல்லை. தினசரி வேலைகளுக்கான கிரொன் டெய்லி போல்டரில் ஸ்கிரிப்டைப் போடுவதானால் பெயரில் புள்ளி இருக்கக்கூடாது. புள்ளி எஸ்எச் என்று முடியும் பைலை உபுண்டு ஒரு சத்தமும் இல்லாமல் தாண்டிப் போய்விடும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று சொல்லாவிட்டால் அது டாஷ் என்ற வேறு ஷெல்லில் ஓடும், அப்போது பாஷுக்கே உரிய எழுத்துமுறைகள் எல்லாம் பிழையாகும். தமிழில் பெயர் வைத்த பைல்களைக் கையாளும் பழைய பைதான் ஸ்கிரிப்ட் இருந்தால் மொழி அமைப்பும் தகராறு செய்யும். லாங் என்ற மாறியில் யூடிஎஃப்-8 வகை ஒன்றை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்போது யூஎஸ்பி டிஸ்க். என் அனுபவத்தில் அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். உபுண்டு டெஸ்க்டொப்பில் யாராவது லொகின் செய்திருந்தால்தான் டிஸ்க் தானாக மீடியா போல்டருக்குள் வந்து இணையும். கணினி லொகின் திரையில் நின்றால் டிஸ்க் செருகியிருந்தும் இணைந்திருக்காது. கையால் ஓட்டும்போது நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள், அதனால் எப்போதும் வேலை செய்கிறது. இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடி, போல்டர் இல்லாவிட்டால் உருவாக்கு என்றும் எழுதியிருந்தால், டிஸ்க் இல்லாத இரவில் அதே பெயரில் உள் டிஸ்க்கில் ஒரு போல்டரை உருவாக்கி அதற்குள் எழுதிவிடும். அடுத்தமுறை உண்மையான டிஸ்க்கைச் செருகினால் அந்தப் பெயர் ஏற்கெனவே இருப்பதால் பின்னால் 1 சேர்ந்து வேறு பெயரில் இணையும். அதற்குப் பிறகு எல்லாப் பேக்கப்பும் பில் கணினிக்குள்ளேயே போகும். உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியில் அப்படி உள் டிஸ்க் நிரம்பி, தரவுத்தளமே எழுத முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். வெளி டிஸ்க்கில் பல வாரங்களாகப் புதிதாக ஒன்றும் போயிருக்கவில்லை.

ஆகவே டிஸ்க்கை அதன் யூயூஐடி என்ற தனி அடையாளத்தைக் கொண்டு, எந்த டிஸ்க் எங்கே இணையவேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டாப் பைலில் பதிந்து, நிலையான ஓர் இடத்தில் இணையச் செய்யுங்கள். ‘நோபெயில்’ என்ற சொல்லையும் சேருங்கள், டிஸ்க் செருகாத நாளில் கணினி எழும்பாமல் நிற்காது. அப்புறம் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் மவுண்ட்பொயின்ட் கொமாண்டால் சோதித்து, இணைந்திருக்காவிட்டால் பிழை எழுதிவிட்டு வெளியேறச் சொல்லுங்கள். முதலாளி அந்த டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோய் விண்டோஸ் மடிக்கணினியில் பார்த்துவிட்டு அப்படியே பிடுங்கும் பழக்கம் இருந்தால், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள டிஸ்க் படிக்க மட்டும் என்ற நிலையில் வரக்கூடும், இணையவே மறுக்கவும் கூடும். அதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.

பைல் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்றீர்களே, அதைத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். அந்தப் பைலின் அளவு 20 பைட்டா என்று பாருங்கள். ஒன்றுமில்லாததை ஜிசிப் சுருக்கினால் 20 பைட் வரும். மைஎஸ்கியூஎல்டம்ப்பின் வெளியீட்டை நேராக ஜிசிப்புக்குக் குழாய் (| அடையாளம்) போட்டு அனுப்பினால், டம்ப் தோற்றாலும் ஜிசிப் தன் வேலையைச் சரியாகவே முடிக்கும். கடைசிக் கொமாண்ட் வென்றால் முழு வரியும் வென்றதாகவே ஷெல் எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் ‘முடிந்தது’ என்று எழுதும், திகதியோடு பைலும் இருக்கும், பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். இதோடு ஏழு நாளுக்கு மேற்பட்ட பைல்களை அழிக்கும் வரியும் இருந்தால், ஒரு வாரம் கழிந்ததும் நல்ல பிரதி ஒன்றுகூட மிஞ்சாது. அந்த வரி உங்கள் ஸ்கிரிப்டில் இருந்தால் இதை வாசித்ததும் முதல் வேலையாக அதை நிறுத்திவையுங்கள்.

திருத்துவது கடினமில்லை. பாஷ் ஸ்கிரிப்டின் மேலே ‘பைப்பெயில்’ என்ற அமைப்பைப் போட்டால் குழாயில் எந்தக் கொமாண்ட் தோற்றாலும் தோல்வி என்றே வரும். முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, எல்லாம் சரியென்றால் மட்டும் உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். மைஎஸ்கியூஎல்டம்ப் முழுதாக முடிந்தால் பைலின் கடைசியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று தொடங்கும் குறிப்பு வரி ஒன்றை எழுதும். அது இருக்கிறதா என்று ஸ்கிரிப்டே பார்க்கட்டும். பழையதை அழிப்பது அந்தச் சோதனை தேறிய பிறகு மட்டும்.

மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு பைலை எடுத்து வேறு தரவுத்தளப் பெயரில் ஏற்றி, நேற்றைய பில்கள் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். டிஸ்க் கடையிலேயே இருப்பதைப் பற்றியும் யோசியுங்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. கணினியும் பிரதியும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். இரண்டு டிஸ்க் வாங்கி மாறிமாறி ஒன்றை உவர்மலையிலோ உள்ளே தள்ளியோ உள்ள உறவினர் வீட்டில் வைக்கலாம். இணைய இணைப்பு போதுமென்றால் இணையச் சேமிப்புக்குப் பைல்களை அனுப்பும் ஆர்குளோன் வழியாகக் குறியாக்கம் செய்த பிரதியை வெளியே அனுப்பலாம். ஆர்குளோனும் தன் அமைப்பை ஹோம் போல்டரில்தான் தேடும், யாராக ஓடுகிறது என்ற மேலே சொன்ன கதை அதற்கும் பொருந்தும்.

லொக் பைலை வைத்து ஓட்டிப் பார்த்த பிறகும் பிடிபடாவிட்டால், அதில் வந்த கடைசிச் சில வரிகளையும் கிரொன்டாப் வரியையும் கேள்வியோடு சேர்த்துவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கடவுச்சொல் எங்காவது இருந்தால் அழித்துவிட்டுப் போடுங்கள்.