ஆறு ஜோடி, ஒரே பிணக்கு

கேள்வி: நாங்கள் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட இளைஞர்கள் எட்டுப் பேர். இந்தக் காலத்துக் காதலை வைத்து, ஆறு ஜோடிகளோடு ஒன்றரை மணி நேர நகைச்சுவைப் படம் எழுதியிருக்கிறோம். வாசித்தவர்கள் "யார் யாரென்றே பிடிபடவில்லை" என்கிறார்கள். ஜோடிகளைக் குறைக்க வேண்டுமா? கதைச் சுருக்கம் இணைத்துள்ளோம். – வாசகி, ஹட்டன்

பதில்: குறைக்கத்தான் வேண்டும். ஆனால் குழப்பத்துக்கு எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. ஆறு ஜோடிக்கும் ஒரே பிணக்கு: வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை, சந்தேகம், சண்டை, சமாதானம். ஒரே காதலை ஆறு தடவை எழுதியிருக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். 90 பக்கத்தில் எல்லாரும் கூடும் காட்சிகளுக்கு 20 போனால் மிச்சம் 70. ஆறு ஜோடிக்குப் பிரித்தால் ஆளுக்குப் 12 நிமிடம்கூட வராது. நான்கு ஜோடி போதும். அதையும் சமமாகப் பங்கு போடாதீர்கள். 28, 20, 14, 8 என்று விட்டால் எது பெரிய கதை என்பது பார்ப்பவருக்கே விளங்கும்.

நான்குக்கும் நான்கு தடை வேண்டும். மகள் கொழும்புத் துணிக்கடையில் வேலை செய்து அனுப்பும் சம்பளம் நின்றுவிடுமே என்று கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடும் வீடு ஒன்று. சாதியை வாய்விட்டுச் சொல்லாமல் ஜாதகத்தின் மேல் பழி போடும் வீடு ஒன்று. பேஸ்புக்கில் தன்னைக் கொழும்புக்காரன் என்று சொல்லிக்கொண்ட தோட்டத்துப் பையன் ஒருவன். நான்காவதாக, கணவனை இழந்த 45 வயது அம்மா ஒருவரையும் சேருங்கள். காதல் இளசுகளுக்கு மட்டும் உரியதல்ல. உங்கள் சுருக்கத்தில் பெரியவர்கள் மறிக்க மட்டுமே வருகிறார்கள்.

அந்த அம்மாவை வைத்தே ஒரு காட்சி சொல்கிறேன். மகன் அம்மாவின் போனுக்கு 100 ரூபா ரீலோட் போடுகிறான். மறுநாள் பொழுது சாய்வதற்குள் காசு தீர்ந்துவிடுகிறது. தங்கச்சிதான் எவனோடோ பேசுகிறாள் என்று அவளைப் போட்டு உலுக்குகிறான். அடுப்படியில் ரொட்டி சுடும் அம்மா தலை நிமிரவே இல்லை, ரொட்டி கருகுகிறது. இது சிரிப்பாக வேண்டுமானால், அம்மா சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிப் பேசுவதைப் பார்ப்பவர்கள் முன்னமே பார்த்திருக்க வேண்டும். பிறகு காட்டினால் அது திருப்பம், அவ்வளவுதான். இதே அதட்டலில் பயந்த தங்கச்சி தன் உண்மையான காதலை உளறிவிட்டால், ஒரு கதை இன்னொரு கதையை இடித்துவிடும். பஸ்ஸில் ஜோடிகள் தற்செயலாகச் சந்திப்பதாக நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நான்கும் அப்போது தேவைப்படாது.

பெயர்களையும் மாற்றுங்கள். பிரியா, பிரியங்கா, பிரவீன், பிரதீப் என்று வைத்தால் யாருக்குத்தான் பிடிபடும்? ஜோடிக்கு ஒரு நிறத் தாளில் காட்சிகளை எழுதித் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். ஒரு நிறம் 12 பக்கத்துக்கு மேல் காணாமல் போனால் அந்தக் காதலைப் பார்ப்பவர் மறந்துவிடுவார்.

முடிவுக்குக் கல்யாண மண்டபம் எதற்கு? வாசலிலேயே காமன் கூத்து இருக்கிறது, மன்மதன் எரிந்த கதையைத் தோட்டத்தில் ஆடும் கூத்து. மாசி அமாவாசைக்குப் பின் கம்பம் ஊன்றுவதிலிருந்து மன்மதனை எரிக்கும் இரவு வரை ஏறக்குறைய இரண்டு வாரம். கதைக்கு அதுவே கெடு. கொழும்பில் இருப்பவர்கள் ஊருக்கு வரவும் காரணம் கிடைக்கும். தோட்டமே விடிய விடிய கூத்து நடக்கும் காமன் பொட்டலில் நிற்கும்போது நான்கு ஜோடியும் ஓரிடத்தில் இருப்பார்கள். நான்கு முடிச்சையும் அன்றிரவே அவிழ்க்க வேண்டாம். ஒன்று அதற்கு முன்பே முறியட்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பெண் லயத்து அறையைக் "காம்பரா" என்றும் முன் திண்ணையை "இஸ்தோப்பு" என்றும் பேசும்போதெல்லாம் கொழும்பு நண்பர்கள் சிரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். அது நம் அம்மாமார் பேச்சு. கொழும்புக்காரனாக நடிக்கும் அந்தப் பையனின் தவிப்பில் சிரிப்பைத் தேடுங்கள். கூத்து இரவில், தனக்கு இதெல்லாம் புதிது என்று தன் காதலியிடம் சொல்லிக்கொண்டு நிற்கிறான். தப்பு மேளம் முழங்குகிறது. அவன் கால் அடி பிசகாமல் தாளம் போடுகிறது. அவள் அந்தக் காலைப் பார்க்கிறாள்.