பேர்ட் பறித்த பந்து: பாஸா, தடுப்பாட்டமா?

கூடைப்பந்தில் லரி பேர்ட் பந்தைப் பறித்துக் கொடுத்த அந்தக் காட்சியைச் சிறந்த பாஸ்களின் பட்டியலில் போடுவதா, சிறந்த தடுப்பாட்டங்களின் பட்டியலில் போடுவதா என்று உங்கள் ஹட்டன் நண்பர்களோடு சண்டை என்கிறீர்கள். இரண்டு பட்டியலிலும் போடுங்கள். 1987 மே 26 அன்று NBA தொடரில் பொஸ்டன் அணியின் பேர்ட் டெட்ரொய்டிடமிருந்து பந்தைப் பறித்தது ஒன்று, அதைத் தன் அணியின் டெனிஸ் ஜோன்சனுக்குக் கொடுத்தது இன்னொன்று. அவர்கள் ஒன்றைத்தான் எடுக்கச் சொன்னால், என் வாக்கு பாஸுக்கு.

போனில் சுற்றும் துண்டு வீடியோ பறிப்போடு நின்றுவிடுவதால் இந்தச் சண்டை வந்திருக்கலாம்.

முழுக் காட்சியையும் மெதுவாக ஓடவிட்டு பேர்டின் கால்களை மட்டும் பாருங்கள். டெட்ரொய்ட் 107-106 முன்னிலை, மிச்சம் 5 செக்கன். டெட்ரொய்டின் ஐசையா தோமஸ் தன் அணியின் லயம்பியருக்குப் போட்ட பந்தைப் பேர்ட் பாய்ந்து எடுக்கிறார். உடம்பு கோட்டுக்கு வெளியே சாய்கிறது. அந்தச் சாய்விலேயே திரும்பி, கூடையை நோக்கி ஓடிவரும் ஜோன்சனைக் கண்டுபிடிக்கிறார்! ஜோன்சன் கூடையில் போட, பொஸ்டன் 108-107. மழை விட்ட பிறகு நம்ம ஊர் சிமெந்துத் தரையில் அப்படிக் கால் ஊன்றிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஒரு விஷயத்தில் கவனம்: அது ஏழு ஆட்டத் தொடரின் ஐந்தாவது ஆட்டம்தான். ஆறாவதை டெட்ரொய்ட் வென்றது, ஏழாவதில்தான் பொஸ்டன் தொடரை முடித்தது. “தொடரை வென்ற பாஸ்” என்று எழுதாதீர்கள், எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.