வெப்பநிலை சென்சார் தப்பாகக் காட்டுகிறதா? கேள்வி பதில்

கேள்வி: டிஎஸ்18பி20 சென்சார் திடீர் திடீரென்று 85 டிகிரி காட்டுகிறது. போய்விட்டதா?

பதில்: போகவில்லை. மின்சாரம் வந்ததும் அந்தச் சிப் வைத்திருக்கும் தொடக்க மதிப்பே 85தான். அளந்து முடிப்பதற்குள் படித்தால் அதைத்தான் தரும். 12 பிட்டில், அதாவது மிக நுணுக்கமாக, அளக்க 750 மில்லிசெகண்ட் வரை ஆகும், பொறுங்கள். பொறுத்தும் வந்தால், நடுவில் சப்ளை விட்டு விட்டு வருகிறது. வயரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு -127.

பதில்: அது வெப்பநிலை இல்லை. சென்சாரிடமிருந்து பதில் வரவில்லை என்று அதைப் படிக்கும் மென்பொருள் லைப்ரரி சொல்லும் குறி. டேட்டா வயருக்கும் சப்ளைக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா? அப்புறம், வயரைப் பாருங்கள்.

கேள்வி: பிடி100, இரண்டு வயர் இணைப்பு. புதிது மாற்றியும் 5 டிகிரி கூடுதலாகவே காட்டுகிறது.

பதில்: பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது நன்றாகவே இருந்திருக்கும். பிடி100 என்பது சூட்டுக்கேற்ப ஓம் மாறும் சென்சார்: 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம்தான். வயரிலேயே 2 ஓம் இருந்தால் 5 டிகிரி ஏறிவிடும். மூன்று வயர் வகைக்கு மாறுங்கள். மாற்றியதும் சப்ளையை நிறுத்தி, வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள்: ஒரே நிற வயர் இரண்டுக்கும் நடுவே வருவது வயரின் ஓம். அதை வேறு வேறு நிற ஜோடியின் அளவிலிருந்து கழித்தால் சென்சாரின் உண்மையான ஓம் கிடைக்கும்.

கேள்வி: இதற்கு ஏன் இவ்வளவு? கன்ட்ரோலரில் ஆஃப்செட் -5 (காட்டும் அளவில் 5 கழிக்கும் திருத்தம்) போட்டால் முடிந்தது.

பதில்: முடியாது. செம்பு வயரின் ஓமும் சூட்டில் மாறும். வயர் போகும் இடம் 25 டிகிரி சூடானால் அந்த 2 ஓம் இன்னும் 0.2 ஓம் கூடும். அதுவே அரை டிகிரி.

கேள்வி: பல வருடமாக ஆஃப்செட் போட்டுத்தான் ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பதில்: நான் பார்த்த ஓர் உலர்த்தும் அடுப்பில் இப்படியே ஏற்றி ஏற்றி ஆஃப்செட் -11 வரை போயிருந்தது. திறந்தால் டெர்மினல் முழுக்கப் பச்சை பூத்திருந்தது, கூடுதல் ஓம் அங்கேதான். யாராவது ஸ்க்ரூவை இறுக்கியிருந்தால் அந்த ஓம் போய், ஆஃப்செட் மட்டும் நின்று, அடுப்பு ஒரே நாளில் 11 டிகிரி கூடுதல் சூட்டில் ஓடியிருக்கும். ஆஃப்செட் கோளாறைச் சரிசெய்வதில்லை, மறைத்து வைக்கிறது. முதலில் ஐஸில் வைத்துப் பாருங்கள்: நொறுக்கிய ஐஸை நெருக்கி நிரப்பி, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர். கலக்கிவிட்டு, அடியில் படாமல் சென்சாரைச் சில நிமிடம் விடுங்கள். 0 வர வேண்டும்.

கேள்வி: கொதிநீரில் பார்த்தால் போதாதா?

பதில்: உயரம் 300 மீட்டர் கூடினால் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறையும். ஐஸே நல்லது.

கேள்வி: கே வகை தெர்மோகப்பிள் (இரண்டு உலோகக் கம்பி சேர்ந்த சென்சார்). சூடாக்கினால் அளவு இறங்குகிறது.

பதில்: பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. சிவப்பைப் பிளஸ் என்று நினைத்திருப்பீர்கள். அமெரிக்க நிறமுறையில் சிவப்புதான் மைனஸ்.

கேள்வி: எனக்கும் 85 காட்டுகிறது.

பதில்: முதல் பதில்.

கேள்வி: காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை இப்படிச் சரிசெய்யலாமா?

பதில்: வேண்டாம். சந்தேகம் இருந்தால் வேறு வாங்குங்கள்.

கேள்வி: ஆஃப்செட் ஆள்தான். டெர்மினலைச் சுத்தம் செய்து மூன்று வயர் போட்டேன். ஐஸில் 0.4 காட்டுகிறது.

பதில்: அருமை! இப்போது -0.4 போடுங்கள். தேதியோடு எழுதி கன்ட்ரோலர் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.