காதற்ற ஊசியும் ஐந்து பிரதிகளும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அழகப்பா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன். என் மகள் எம்.காம்.இல் ரேங்க் வாங்கியிருந்தாள். மேடையேறும் வரிசையில் முனைவர் பட்டத்துக்காக மூன்று கன்னியாஸ்திரிகள் நின்றார்கள். வீட்டில் அவர்களைப் பார்த்து ஒரே சந்தோஷம். எனக்குத்தான் ஒரு நெருடல். துறவி என்றால் துறக்க வேண்டாமா? பட்டினத்தாரை எங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்ளும் குலத்தில் பிறந்தவன் நான். காதற்ற ஊசி கதையைக் கேட்டு வளர்ந்தவன். இவர்களுக்குச் சம்பளம்கூடக் கைக்கு வராது என்கிறார்கள். பிள்ளை குட்டி கிடையாது. பெயருக்கு முன்னால் டாக்டர் எதற்கு? இல்லை, சபை தன் கல்லூரிகளுக்கு முதல்வர்களைத் தயார் செய்யும் ஏற்பாடுதானா இது? நீங்கள் காரைக்குடியில் முப்பது வருடம் ஆய்வேடு தட்டச்சு செய்து பைண்டு பண்ணிக் கொடுத்தவர். உங்களுக்குத் தெரியும். தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும். என் பெயரைப் போட வேண்டாம்.

தேவகோட்டை வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? கடை வைத்திருந்த நாளில் இதே கேள்வி எனக்கும் இருந்தது. வாய்விட்டுக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், சபைக்கு ஆள் வேண்டும், அதனால்தான் படிக்க அனுப்புகிறார்கள். இதில் மறைக்க ஒன்றுமில்லை. பெண்களுக்கு ஒரு கல்லூரி தொடங்கினால் தகுதியுள்ள ஆசிரியர்கள் இருந்தால்தான் பல்கலைக்கழகம் இணைப்புக் கொடுக்கும். திருச்சியில் ஹோலி கிராஸ் 1923இல் வந்தது. சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் 1947, கோவையில் நிர்மலா 1948, மதுரையில் பாத்திமா 1953. எல்லாம் சகோதரிகள் தொடங்கியவை. பெண் பட்டதாரியைத் தேடிப்பிடிப்பதே கஷ்டமாக இருந்த காலத்தில் மடத்துக்குள்ளேயே பட்டதாரிகளை உண்டாக்கிக்கொள்வதுதான் வழி. இப்போது கல்லூரி ஆசிரியராக நெட் என்ற தகுதித் தேர்வு அல்லது பிஎச்.டி. கேட்கிறார்கள், முதல்வர் நாற்காலிக்குப் பிஎச்.டி. இல்லாமல் முடியாது. நம் பக்கத்துச் சருகணியிலேயே இதயா மகளிர் கல்லூரி இருக்கிறது. போய்ப் பாருங்கள், சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குவதை.

இதை நான் முழுக்க நியாயப்படுத்தவில்லை. 'நீ படிக்கப் போ' என்று சபையின் மாநிலத் தலைவியான புரோவின்சியலிடமிருந்து உத்தரவு வரும். என்ன பாடம் என்பதும் பல நேரம் அதிலேயே இருக்கும். என் கடைக்கு வந்த ஒரு சிஸ்டருக்குத் தமிழில்தான் உயிர். கல்லூரியில் வணிகவியலுக்கு ஆள் இல்லை, வணிகவியல் கொடுத்தார்கள். நான்கு வருடம் சுயஉதவிக் குழுக்கள் கடனைத் திருப்பிக் கட்டுவதைப் பற்றி ஆராய்ந்தார். பிழை திருத்த உட்காரும்போது என் மேசையில் கிடக்கும் அடுத்தவருடைய தமிழ் ஆய்வேட்டைத்தான் முதலில் புரட்டுவார். "கீழ்ப்படிதல் அண்ணே" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும்.

ஆனால் ஒன்று கவனித்தேன். அனுப்பியவர்கள் எதற்காக அனுப்பினார்களோ, படித்து முடித்தவர் அதோடு நின்றுவிடுவதில்லை. இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் நோட்டர் டேம் என்று ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். பெண்களை இளநிலைப் படிப்பில் சேர்த்துக்கொள்ள அதற்கு 1972 வரை மனசு வரவில்லை. ஆனால் 1917லேயே திருச்சிலுவைச் சபைச் சகோதரிகள் இருவருக்கு அங்கே பட்டம் கிடைத்துவிட்டது. அடுத்த வருடம் கோடைப் பள்ளி தொடங்கியதும் சகோதரிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வருடம் முழுக்கத் தேவாலயங்களைச் சேர்ந்த பங்குப் பள்ளிகளில் பாடம் நடத்துவார்கள். லீவு விட்டதும் பெட்டியோடு கிளம்பி வந்து ஆறேழு வாரம் படிப்பார்கள், திரும்பிப் போவார்கள். இப்படியே கோடை கோடையாகப் படித்து முடிப்பதை அந்த நாட்டுச் சகோதரிகள் 'இருபது வருடத் திட்டம்' என்று தங்களுக்குள்ளே கேலி செய்துகொண்டார்களாம். நம் தொலைநிலைக் கல்வி மாணவர்கள் கோடை வகுப்புக்கு வந்து காரைக்குடி லாட்ஜுகளில் வேகிறார்களே, அந்த மாதிரிதான். என்ன, இவர்கள் லாட்ஜில் வேகவில்லை, கம்பளி உடுப்பில் வெந்தார்கள்.

ஆனால் அந்தச் சகோதரிகள் எதைப் படித்தாலும் இறையியல் மட்டும் படிக்க முடியாது. பூசை வைப்பவரும் ஆண், அதைப் பற்றிப் படிப்பவரும் ஆண். பெர்க்லியில் 1925இல் முனைவர் பட்டம் வாங்கிய சகோதரி மடலேவா வுல்ஃப், நோட்டர் டேமுக்கு எதிரிலேயே இருக்கும் செயின்ட் மேரிஸ் கல்லூரியின் தலைவரான பிறகு, பெண்களுக்கென்று ஓர் இறையியல் மேற்படிப்பை 1940களில் தொடங்கினார். வாசல் திறக்கவில்லை என்றதும் பக்கத்திலேயே வேறு வாசல் வைத்துவிட்டார்.

அதைவிட எனக்குப் பிடித்தது சகோதரி செலின் ஃபேசன்மையர் கதை. இரக்கத்தின் சகோதரிகள் சபை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1946இல் கணிதத்தில் முனைவர் பட்டம். ஒரு வகைத் தொடர்களில் அடுத்தடுத்த உறுப்புகளை இணைக்கும் சமன்பாட்டைக் கண்டுபிடிக்க, சமையல் குறிப்பு மாதிரி படிப்படியாக ஒரு வழி சொன்னார். இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார். அப்புறம் சபையின் கல்லூரிக்குத் திரும்பிப் போய்ப் பாடம் நடத்தினார், அவ்வளவுதான். படிக்க வைத்த வேலை முடிந்தது. கம்ப்யூட்டர்கள் பெருகிய பிறகு டோரன் ஸைல்பெர்கர் என்ற கணிதர் அந்த வழியைத் தூசி தட்டி எடுத்தார். மனிதன் மூளையைக் கசக்கிய இடத்தில் இயந்திரமே கணித நிரூபணம் செய்யலாம் என்று காட்ட அது அடிப்படையாகிவிட்டது. கணிதக்காரர்கள் அதை இன்றும் 'சகோதரி செலின் முறை' என்கிறார்கள். சகோதரி என்ற சொல்லோடு சேர்த்தே.

கம்ப்யூட்டர் என்றதும் இன்னொருவரும் ஞாபகம் வருகிறார். சகோதரி மேரி கென்னத் கெல்லர். அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண், 1965இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில். திரும்பிப் போய் அயோவாவில் ஒரு சின்ன மகளிர் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி இருபது வருடம் நடத்தினார். என் கடையில் முதல் கம்ப்யூட்டர் வந்தபோது பாமினி எழுத்துருவில் 'ஸ்ரீ' எங்கே இருக்கிறது என்று நான் ஒரு வாரம் தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, சம்பளம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அரசு உதவி பெறும் கல்லூரியில் பேராசிரியராக இருக்கும் சிஸ்டருக்கும் மற்றவர்களுக்குள்ள சம்பளமே, அவர் பெயரிலேயே வரும். சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர், அதனால் அப்படியே சபைக்குப் போய்விடும். இதை வைத்துப் பெரிய வழக்கே நடந்தது. துறவறம் ஏற்றவர் சட்டப்படி உலகத்துக்குச் செத்தவர் மாதிரி, பணம் அவருடையது இல்லை, வரி பிடிக்கக் கூடாது என்றன சபைகள். சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் ஒப்புக்கொள்ளவில்லை. உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் அதையே உறுதி செய்தது. சம்பளம் ஆளின் பெயரில் வருகிறது, வாங்கியதை அவர் யாருக்குக் கொடுத்தாலும் வரிப் பிடித்தம் உண்டு. வழக்கு நடந்தபோது எங்கள் டீக்கடை பெஞ்ச் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நான் வரிக் கட்சி. உழைத்தது அந்த அம்மா என்று யாராவது எழுத்தில் சொல்ல வேண்டும் இல்லையா? வருமான வரித்துறையாவது சொல்லட்டும்.

இருக்கிறதை எல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையாய் நிற்பது செட்டிநாட்டுக்குப் புதிதா தம்பி? வள்ளல் அழகப்பர் 1947இல் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அதையெல்லாம் படிப்புக்குத்தான் கொடுத்தார். உங்கள் மகள் பட்டம் வாங்கிய மேடை அந்த மண்ணில்தான் நிற்கிறது. துறவுக்கும் படிப்புக்கும் பகை என்று நம் ஊரில் இருந்துகொண்டு நீங்கள் கேட்டதுதான் எனக்கு வேடிக்கை.

பெயர் விஷயத்தையும் சொல்ல வேண்டும், கடையில் அதுதான் பெரிய தலைவலி. அந்தக் காலத்தில் உடுப்புக் கொடுக்கும்போதே புதுப் பெயரும் கொடுத்துவிடுவார்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, மடத்துப் பெயர் ஒன்று. 1960களில் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பழைய பெயரையே வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. ஆனாலும் மூத்தவர்கள் பலருக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஊர் கூப்பிடுவது இன்னொன்று. ஆய்வேட்டின் மேலட்டையில் சான்றிதழ்ப் பெயர்தான் இருக்க வேண்டும். ஒரு தடவை நான் வழக்கமாகக் கூப்பிடும் பெயரையே தங்க எழுத்தில் அடித்துவிட்டேன், ஐந்து பிரதியிலும். தப்பு என்னுடையது. அட்டையை மாற்றிக் கொடுத்த பிறகும் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் (எது என்பது வேண்டாம், என்னிடம் நாலைந்து பல்கலைக்கழகத்து ஆட்கள் வருவார்கள்) விண்ணப்பத்தில் அப்பா பெயரா, கணவர் பெயரா என்று ஒரு கட்டம் சரியாக நிரப்பவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கன்னியாஸ்திரி உடுப்போடு எதிரில் நிற்கிற ஐம்பது வயது அம்மாவிடம், "கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாத்தினீங்களா?" என்று கேட்டார்களாம். மூன்று தடவை நடந்தார். மூன்று தடவையும் பஸ்ஸில்.

பஸ் என்றதும்தான் உங்கள் ஊசிக்கு வருகிறேன். என் பிழைப்பே காதுள்ள ஊசியில்தான். ரெக்சின் அட்டை போடுவதற்கு முன்னால் தாள்களைப் பாரம் பாரமாக, அதாவது சிறு சிறு கட்டாக அடுக்கி, முதுகில் துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைக்க வேண்டும். எம்.ஃபில். இருந்த வரை சீசனில் ஒரு நாளைக்கு இருபது முப்பது தைப்போம். 2022இல் யுஜிசி அதை எடுத்தது, பாதிக் கடை போச்சு.

வணிகவியல் சிஸ்டரைச் சொன்னேனே, தேவகோட்டை மடத்திலிருந்துதான் வருவார். ஒவ்வொரு செலவுக்கும் மதரிடம் கணக்குக் காட்ட வேண்டும். ஜெராக்ஸ் எடுத்தால் பில், பேனா வாங்கினால் பில், பஸ் ஏறினால் டிக்கெட். டிக்கெட்டைப் பர்ஸில் வைக்கமாட்டார், கையிலிருக்கும் ஆய்வேட்டுப் பக்கத்துக்குள் செருகிவைப்பார். நான் டீ வாங்கிக் கொடுத்தால் அதையும் "இது அண்ணன் கணக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் குடிப்பார். நன்றியுரையில் ஆண்டவர், சபை, மாநிலத் தலைவி, நெறியாளர், கல்லூரி, கள ஆய்வில் பேசிய பெண்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். அம்மா அப்பா கடைசி வரியில். அந்தப் பெண்களின் பட்டியல் மட்டும் ஒன்றரைப் பக்கம். குறைக்கலாமே என்றேன். "இதைத்தான் அண்ணே நான் எழுதினேன், மத்ததெல்லாம் அட்டவணை" என்றார். வேண்டாவெறுப்பாகத் தொடங்கிய பாடம். கல்லூரிக்குத் திரும்பிய பிறகு அதே பெண்களில் நான்கைந்து பேரின் மகள்களைக் கட்டணம் பேசிச் சேர்த்துவிட்டார் என்று கேள்வி. அந்த வேலையை எந்த உத்தரவும் சொல்லியிருக்காது.

ஐந்து பிரதியும் தைத்து, அட்டை போட்டு, பிரஸ்ஸில் வைத்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்தார். "அண்ணே, நூலகத்துக்குக் கொடுக்கிற பிரதியில் என் டிக்கெட் ஒன்று மாட்டிக்கொண்டது." வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் இயலில், ஒரு வரைபடத்துக்குப் பக்கத்தில், தேவகோட்டையிலிருந்து காரைக்குடி வந்த டிக்கெட், தையலோடு சேர்ந்து பாரத்துக்குள் போயிருந்தது. ரோஸ் நிறம், ஏழு ரூபாய். பிடித்து இழுத்தால் தாள் கிழியும், வெட்டினால் பாரமே தளரும். முழுக்கப் பிரித்துத் தைக்கிறேன், இரண்டு நாள் ஆகும் என்றேன். மறுநாள் மதியம் ஒப்படைக்கக் கடைசி நேரம்.

அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இருக்கட்டும் அண்ணே. மதரிடம் காட்ட ஒரு சீட்டு மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்றார். கடை ரப்பர் ஸ்டாம்பு வைத்து எழுதிக் கொடுத்தேன்: பஸ் கட்டணம், ரூபாய் ஏழு, டிக்கெட் ஆய்வேட்டில் இணைக்கப்பட்டுள்ளது.

அன்புடன்,
அண்ணன்