ஃபைல் தூக்கும் வேலையா?

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, "பொண்ணை நாலு வருஷம் நர்சிங் படிக்க வச்சேன், இப்ப ஃபைல் தூக்கக் கூப்பிடறாங்க" என்று வருத்தப்பட்டீர்கள். அன்று அவசரத்தில் அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பாப்பாவைக் கூப்பிட்டிருப்பது ஆஸ்பத்திரியின் குவாலிட்டி பிரிவுக்கு. நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தாரா, மருந்து மாறியதா, ஊசி போட்ட இடம் சீழ் பிடித்ததா என்று வார்டு வார்டாகப் பார்த்து, மறுபடி நடக்காமல் வழி செய்கிற வேலை அது.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் (ஊசி மருந்து அடைத்த சின்னக் குப்பி) டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பொட்டாசியத்தைக் கலக்காமல் நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ராத்திரி 2 மணிக்கு ஒரு சிஸ்டர் அதைத் தவறி எடுத்து, கடைசி நொடியில் லேபிளைப் பார்த்துக் கீழே வைக்கிறார். வெளியே சொல்வாரா? மெமோ வருமே! ஆனால் சொன்னால்தான் அந்த ஆம்பூலை வார்டு ட்ராலியிலிருந்து எடுத்துப் பூட்டி வைக்கவும், இரண்டு பேர் பார்த்தபின் எடுக்கும்படி மாற்றவும் முடியும். பயமில்லாமல் சொல்ல வைக்கத் தெரிந்தவர்தான் நாளை இன்சார்ஜ், அப்புறம் நர்சிங் சூப்பரின்டெண்ட். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார். கட்டிலருகே இருப்பது நர்ஸ்தான்.

ஒப்புக்கொள்ளுமுன் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: போன மாதம் எத்தனை 'நியர் மிஸ்', அதாவது அந்த சிஸ்டருக்கு நடந்தது போல மயிரிழையில் தப்பிய தவறு, பதிவானது? "எங்ககிட்ட அப்படி ஒண்ணும் நடக்கறதில்லை" என்று பெருமையாகச் சொன்னால், அங்கே எழுதவே பயப்படுகிறார்கள். அந்த இடம் வேண்டாம்.

இன்னொன்று. பாப்பாவுக்கு இனி நைட் டியூட்டி இருக்காதே என்று நீங்கள் உள்ளூர சந்தோஷப்படுவது தெரிகிறது. அதற்காக மட்டும் தலையாட்டாதீர்கள். பாப்பாவின் இரண்டு வருஷ அனுபவம் இந்த வேலைக்குக் கொஞ்சம் குறைவுதான். வாரத்தில் இரண்டு நாளாவது ஐ.சி.யூ.வில் நிற்கிறேன் என்று கேட்கட்டும். கை பழக்கம் விட்டவர் சொன்னால் வார்டில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். மேலே எம்.எஸ்சி. நர்சிங் படிக்க நினைத்தால், அது 2 வருஷப் படிப்பு. அதற்குக் கேட்கிற ஒரு வருஷ அனுபவம் கையில் இருக்கிறது. அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்கும் இந்த வேலை குறுக்கே நிற்காது. சம்பளம் உடனே ஏறிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த முறை பாப்பாவை ஆஃபர் லெட்டரோடு கூட்டி வாருங்கள். பதவிப் பெயரில் வெறும் 'எக்ஸிக்யூட்டிவ்' என்று இருந்தால், 'நர்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்துத் தரக் கேட்போம். பின்னால் அனுபவச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்காது.