வெடித்ததற்கா கைதட்டல்?

கேள்வி: 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் ஸ்டார்ஷிப் ராக்கெட் முதல் வெள்ளோட்டத்திலேயே வெடித்துச் சிதறிய வீடியோவை என் மகன் காட்டினான். அந்த நிறுவனத்தின் ஊழியர்களே அதைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். “பணத்திமிர்” என்றேன். “உனக்கென்னம்மா தெரியும்?” என்று எழுந்து போய்விட்டான். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அது முதல் ராக்கெட் என்றாலே வீட்டில் சண்டைதான். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: திமிர் என்று நான் சொல்லமாட்டேன், அம்மா. சுமார் 120 மீட்டர் உயரம், 33 என்ஜின்கள். அவ்வளவு பெரிய ராக்கெட் அதற்கு முன் பறந்ததில்லை. கிளம்பும்போதே மூன்று என்ஜின்கள் கைவிட்டும், நான்கு நிமிடம் தாக்குப்பிடித்தது. உள்ளே ஆள் இல்லை. சுற்றுப்பாதையை எட்டப் பாதி வாய்ப்புதான் என்று, அதைக் கட்டிய ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் தலைவர் எலான் மஸ்க் முன்பே சொல்லியிருந்தார். ஆண்டுக்கணக்கில் அதைக் கட்டியவர்கள், அது தரையை விட்டு எழும்பியதற்கே கத்தியிருப்பார்கள். செய்து பார், உடைந்தால் திருத்து என்பதுதான் அவர்கள் வழி.

ஆனால் உங்கள் மகனும் பாதிக் கதையைத்தான் பார்த்திருக்கிறான். ஏவுதளத்தைத் தகர்க்காமல் ராக்கெட் விலகிப் போனால் அதுவே வெற்றி என்பதும் மஸ்க் வகுத்த அளவுகோல்தான். நடந்தது என்ன? தீப்பிழம்பைத் திருப்பிவிடும் பள்ளமும் இல்லை, தண்ணீரைப் பீய்ச்சும் ஏற்பாடும் இல்லை. என்ஜின்களின் வேகத்தில் ஏவுதளத்தின் கான்கிரீட் பெயர்ந்து சிதறியது. பக்கத்துப் பூங்கா நிலத்தில் மூன்றரை ஏக்கர் தீப்பிடித்தது. சுமார் 10 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் போர்ட் இசபெல் ஊரில் வீடுகள் மேலும் கார்கள் மேலும் புழுதி படிந்தது.

புதுத்தேர் வெள்ளோட்டத்தில் அச்சு முறியலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். தேரடி வீட்டுத் திண்ணை இடிந்தால் கேட்கத்தானே செய்வார்கள்? அங்கேயும் கேட்டார்கள். பறவைப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் அமைப்புகளும், ஏவுதளம் இருக்கும் கடற்கரையைப் புனிதமாகக் கருதும் கரிசோ/கொமெக்ருடோ பழங்குடியினரும் சில நாட்களிலேயே, அனுமதி கொடுத்த விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். எதிர்க்கரையான சவுத் பாட்ரே தீவில் ஏவுதலைப் பார்க்கக் கூட்டம் கூடியதும் உண்மை. ராக்கெட்டால் பிழைப்பு நடப்பவர்களும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். ஒரே ஊர், இரண்டு மனம்.

“அவர் காசு, அவர் வெடிக்கிறார்” என்று மகன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிலவில் மனிதரை இறக்க இதே ஸ்டார்ஷிப்பை நாசா தேர்ந்தெடுத்து, சுமார் 290 கோடி டாலருக்கு 2021-இல் ஒப்பந்தம் போட்டது. அது அமெரிக்க மக்களின் வரிப்பணம்.

இரண்டாவது முறை ஏவுவதற்கு முன் 63 திருத்தங்களை விமானப் போக்குவரத்து நிர்வாகம் கேட்டது. ஏவுதளத்தின் அடியில் தண்ணீர் பாயும் இரும்புத் தகடு வந்தது. நவம்பரில் ஏவியபோது 33 என்ஜின்களும் இயங்கின, தளமும் தப்பியது. வெடிப்பிலிருந்து கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு இது சான்று. ஆனால் தண்ணீர் வேண்டும் என்பது நாசாவுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அதற்கு ஒரு ஊர் புழுதி குடித்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அந்தத் தகடு ஏன் முதல் முறையே இல்லை என்று மகனிடம் கேளுங்கள். பொறியியல் மாணவன், பதில் தேடாமல் இருக்கமாட்டான். “உனக்கென்ன தெரியும்” என்றது தனி விஷயம். அது உங்களைப் புண்படுத்தியது என்பதை, ராக்கெட்டை இழுக்காமல், வேறொரு நாள் நேராகவே சொல்லிவிடுங்கள்.